ரோசியின் முழங்காலும் செல்வம் அங்கிளின் திருநீறும்

குதிரையை நின்றபடியே அரைமயக்கத்தில் வைத்து, ஊசியளவு கமெராவை மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் உயர்ந்த வைத்தியத்தில் என்னுடைய பங்கு, அதன் தலையைத் தாங்குவது. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், கிரான்பர்ன் என்ற ஊருக்கு அப்பால், ஒரு குதிரை ஆஸ்பத்திரியில் எனக்கு இரவு வேலை. விடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்பது பேச்சு. பகல் ஆட்கள் பிந்தி வருவார்கள் என்பது வழக்கம். இரவு வேலை செய்யும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நித்திரை வராத நேரங்களில் பழைய வைத்தியப் புத்தகங்களை வாசித்து வைத்திருக்கிறேன். அதனால் வந்த பலன், நடப்பதெல்லாம் விளங்கும், வாய் திறக்க முடியாது.

ரோசி மண்ணிறப் பெட்டைக் குதிரை. பந்தயத்தில் ஓடியவள், இப்போது முன்னங்கால் நொண்டுகிறாள். இரவில் நான் கொட்டிலைக் கடக்கும்போது தாடையை என் தோளில் வைப்பாள். என் தோளை வேறு யாரும் கேட்பதில்லை. முழங்காலுக்குள் குருத்தெலும்பு மிச்சமிருந்தால் ஓய்வு, பிறகு ஓட்டம். இல்லாவிட்டால் உயிரை எடுக்கும் கடைசி ஊசி. குதிரையின் சொந்தக்காரர் செல்வம் அங்கிள் அதை முதலே சொல்லிவிட்டார், ஏதோ பழைய ஃபிரிஜ்ஜை எறிவதைப் போல.

அரைமயக்கம்

அங்கிளுக்கு டண்டினொங்கில் பலசரக்குக் கடை. பரிசோதனையன்று காலை, குதிரைப் பந்தயத்துக்கென்று தைத்த கோட்டோடு வந்து நின்றார். ரோசியை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி மருந்து ஏற்றினோம். கீழுதடு தொங்கியது, தலை என் கைகளுக்குள் இறங்கியது. என்னோடு வேலை செய்யும் மன்னார்க் கத்தோலிக்கப் பெடியன் யூட், நோகும் காலை மடித்துத் தாங்கியில் வைத்தான்.

முழு மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்தால் வடிவாகப் பார்க்கலாமே என்று அங்கிள் தமிழில் கேட்டார், நான் ஆங்கிலமாக்கினேன். குதிரை மயக்கம் தெளிந்து எழும்பும்போது பதறிக் காலை முறித்துக்கொள்ளக் கூடும், அதனால்தான் நிற்கவைத்தே பார்க்கிறோம் என்று டொக்டர் ஹெலன் பொறுமையாக விளக்கினார். அங்கிள் ரோசியை மேலும் கீழும் பார்த்தார். "இது மயக்கமே தம்பி? என்ரை கடையிலை நிக்கிற பெடியள் எல்லாரும் இப்பிடித்தான்."

ஊதியது

அரைமயக்கக் குதிரையை நம்பக் கூடாது. திடுக்கிட்டால் உதைக்கும். அதனால் அதன் காதுகளில் பஞ்சு, எங்கள் வாய்களில் பூட்டு. கமெரா உள்ளே போய்த் திரையில் படம் தெளியும் நேரத்தில் அங்கிளின் ஃபோனில் அவர் மனைவி, எங்கள் அன்ரி, வந்தா. "பிள்ளைக்குத் திருநீறு பூசினனீங்களோ?" பிள்ளை என்றது ரோசியை.

கோட்டுப் பையிலிருந்து பொட்டலம் வந்தது. நான் கண்ணால் தடுத்தேன், கண்ணுக்கு அங்கே மரியாதை இல்லை. ரோசியின் நெற்றியில் அகலமாக இழுத்தார். அதோடு விட்டாரா? சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல, மிச்சத்தை உள்ளங்கையில் வைத்து முகத்தில் ஊதினார். ரோசி தும்மினாள். கால் தாங்கியை விட்டுப் பறந்தது, கமெரா வெளியே வந்தது, யூட் சுவரோடு ஒட்டினான். ஹெலன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கால் கழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார். யூட் தலைமயிரில் இருந்த வைக்கோலைத் தட்டினான். "அங்கிள், நாங்கள் கோயிலிலை தீர்த்தம் தெளிக்கிறனாங்கள்தான். ஆனா மூக்குக்குள்ளை இல்லை."

குடும்பக் குறூப்

இரண்டாம் முறை உள்ளே தெரிந்தது. நல்ல குருத்தெலும்பு உரித்த நுங்கைப்போல வழுவழுவென்று இருக்கும். ரோசியினுடையது ஓரங்களில் அப்படி. நடுவில் தேய்ந்து, எலும்பு எட்டிப் பார்த்தது. அவள் தலை என் கைக்குள்தான் கிடந்தது.

அங்கிள் திரையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டார். உடனே கும்பிடும் கைகள், இதயங்கள், யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து. ஹெலன் வாய் திறக்க முன்னமே அங்கிள் எங்களுக்குத் தீர்ப்பை வாசித்தார். "ஸ்ட்ராத்ஃபீல்டிலை இருக்கிற மருமகன் சொல்லுறான், ஒரு பிரச்சினையும் இல்லையாம். அவன் பல்டொக்டர், எலும்பு தெரிஞ்சவன்."

தீர்ப்பு

ஹெலன் சுற்றி வளைக்கவில்லை. இனிப் பந்தயம் இல்லை. ஆனால் புல்வெளியில் நடந்து மேய்ந்து, நோவில்லாமல் பல காலம் இருப்பாள். அங்கிளின் காதில் முதல் பாதி மட்டும் ஏறியது. "ஓடாத குதிரையை வைச்சு நான் என்ன செய்யிறது? ஊசியைப் போடச் சொல்லும் தம்பி" என்றார். அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது நான். நான் ரோசியின் காதுப் பஞ்சைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

அன்ரி இன்னும் இணைப்பில் இருப்பதை மறந்து, அங்கிள் ஃபோனைக் கோட்டுப் பைக்குள் போட்டிருந்தார். கோட்டுப் பை பேசியது. "என்னப்பா சொல்லுறியள்? நெத்தியிலை திருநீறு பூசிப்போட்டுக் கொல்லப் போறியளோ? அதுக்கு ஊசி போட்டால் இஞ்சை சாப்பாடு கேட்டுக் குசினிப் பக்கம் காலடி எடுத்து வைக்காதேங்கோ." அங்கிள் கோட்டைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். கடைசியில், கிரான்பர்ன் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் புல்வெளி இருக்கிறதென்று அவருக்கே ஞாபகம் வந்தது. தலை நிமிரத் தொடங்கிய ரோசியை வெறுப்போடு பார்த்தார். "தெரிஞ்சிருந்தா திருநீறே பூசாமல் விட்டிருப்பன்."

சக பாவிகளே, டொக்டர் காலைப் பார்த்தார், நான் தலையைத் தாங்கினேன், உயிரைக் காப்பாற்றியது வீட்டில் கதிரையில் இருந்தபடி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அன்ரி.