கல்யாணக் காருக்குக் கரண்ட் ஃபேன்

என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா மதகடிப்பட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்ற காரை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். அப்பா வாடகைக்கு ஓட்டுகிற கறுப்புக் கார் அது, என்னைவிட மூத்தது. "பொண்ணு வர்றதுக்கு நாங்களே வண்டி அனுப்பிடறோம். இது வழியில நின்னுச்சின்னா பூசைக்கு நேரமாயிடும் பாருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் அப்பாவை இன்னும் சுட்டது.

"எம் பொண்ணு எங் கார்லதான் வந்து எறங்குவா. பத்து மணி பூசைன்னா பத்துக்கு மாதா கோயில் வாசல்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அன்றிலிருந்து அவருடைய மானம் அந்த ரேடியேட்டரில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் பெரியப்பா சொன்னதில் பொய் இல்லை. வில்லியனூர் ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் வண்டி கொதித்துவிடும். சவாரிக்கு ஏறியவர்களே இறங்கித் தண்ணீர் தூக்கியிருக்கிறார்கள். ரேடியேட்டருக்குக் காற்றடிக்கிற ஃபேன் எஞ்சின் பெல்ட்டில் ஓடியது. எஞ்சின் மெதுவானால் அதுவும் தூங்கிவிடும்.

கடைத்தெரு எலக்ட்ரீஷியன் ஒருவர் அதற்கு வழி சொன்னார். உடைக்கப்போட்ட வெளிநாட்டுக் கார் ஒன்றில் கழற்றிய ஃபேனை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். "இது பேட்டரியில ஓடும்ணே. வண்டி நின்னாலும் இது நிக்காது. அந்தப் பெல்ட்டு ஃபேனைக் கழட்டிக் கடாசு" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை, கழற்றிக் கடாசிவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லை ஒட்டிப் புது ஃபேனை மாட்டினார்கள். கறுப்பு வயர் பாடிக்கு, சிவப்பு வயர் பேட்டரிக்கு, நடுவில் வீட்டு விளக்குக்குப் போடுகிற வெள்ளை ஸ்விட்ச். தட்டியதும் சுற்றியது. கிரில் வழியாக ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. எலக்ட்ரீஷியன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றார். அப்பா நின்றார். அம்மா ஈரத் தலையை விரித்துக்கொண்டு நின்றாள். "இன்னாமா வருது பாரு காத்து" என்று ஆளாளுக்குப் பூரித்தார்கள். நானும் போய் முகத்தைக் காட்டினேன். திருபுவனையில் மோட்டார் செய்கிற கம்பெனியில், மோட்டார் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை. அப்படிப்பட்டவள் அங்கே நின்று காற்று வாங்கினேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எஞ்சினைப் போட்டு ஓட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கிரில்லில் சாமந்தி மாலை கட்டி, ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். உறவுக்காரர்கள் எல்லாம் முன்னாடியே வேனில் போய்விட்டார்கள். வெள்ளைப் பட்டும் தலையில் நெட்டு முக்காடுமாக நான் பின்சீட்டில், பக்கத்தில் அம்மா. முன்சீட்டில் அந்த எலக்ட்ரீஷியன், இஸ்திரி போட்ட சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவரோடு. அப்பா அவரைத்தான் முதல் விருந்தாளியாக உட்காரவைத்திருந்தார்.

மாப்பிள்ளை ஊர் வில்லியனூரைத் தாண்டி. திருபுவனை வருவதற்குள் அப்பா வேகம் எடுத்தார். பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். "புது ஃபேனு, பழகணும்ணே" என்றார் எலக்ட்ரீஷியன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபேன் என்ன மருமகளா, பழகுவதற்கு?

அப்புறம்தான் வேடிக்கை. மாட்டு வண்டி மாதிரி உருட்டினால் வண்டி சாதுவாக இருந்தது. வேகமாகப் போனால் கொதித்தது. இப்படி ஒரு வியாதியை யாரும் கேள்விப்பட்டதில்லை. இரண்டாவது தடவை நின்றபோது மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. தண்ணீர் சரியில்லை என்றார் அப்பா. ரேடியேட்டர் சரியில்லை என்றார் எலக்ட்ரீஷியன். அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் கார் தேடி வருகிறதா என்று ரோட்டையே பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இறங்கிவிட்டேன்.

"நீ ஏம்மா எறங்கற? பட்டு அழுக்காயிடும், ஏறு."

நான் வண்டிக்கு முன்னால் போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மாலையிலிருந்து சாமந்தி இதழ்கள் பிய்ந்து ரோட்டுப் பக்கம் பறந்துகொண்டிருந்தன. ஒன்று வந்து என் நெட்டில் ஒட்டியது. உள்ளே இழுக்க வேண்டிய காற்றை அது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முதல் நாள் நாங்கள் வரிசையில் நின்று வாங்கியதும் அந்தக் காற்றைத்தான். வண்டி வேகமாகப் போகப் போக, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி ரேடியேட்டருக்கு ஒரு காற்றும் போகாமல் செய்தது.

"அப்பா, ஃபேன் எதிர்ப்பக்கமா சுத்துது."

"கறுப்பு பாடிக்கு, செவப்பு பேட்டரிக்கு. இருவது வருசமா இப்பிடித்தான் குடுக்கறன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"இது அதுக்கும் முன்னாடி பொறந்த வண்டிண்ணே. மத்த வண்டியில பாடிக்கு நெகட்டிவ்வு, இதுல பாடிக்குப் போறதே பாசிட்டிவ்வு. அதான் மோட்டாரு திரும்பிச் சுத்துது. ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்தா சரியாயிடும்."

"கல்யாணத்தன்னிக்கு நீ வயரைத் தொடாத. போய் உக்காரு" என்றார் அப்பா.

எனக்கு வந்ததே கோபம். "சரி, உக்காந்துக்கறன். பெரியப்பா வண்டி வரும், அதுல ஏறிப் போய் எறங்கறன். சம்மதமா உனக்கு?"

அப்பா ரோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எலக்ட்ரீஷியனின் சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

இரண்டு நிமிட வேலை. கை முழங்கை வரை கறுப்பானது, நெட்டின் ஓரம் கிரீஸில் தோய்ந்தது. ஸ்விட்சைத் தட்டியதும் இதழ்கள் கிரில்லுக்குள் போய் அப்பிக்கொண்டன. அதன்பிறகு அப்பா மிதித்த மிதியில் அம்மாவின் ஜெபமாலை பாதியில் நின்றுபோனது. வண்டி கொதிக்கவே இல்லை.

கோயில் வாசலில் இறங்கும்போது பத்தேகால். படியில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் நின்றிருந்தார்கள். பெரியப்பா முதலில் வாட்சைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். "இன்னாங்க, நின்னுடுச்சா?"

டயர் பஞ்சர் என்று அப்பா சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான்கூடத் தலையாட்டத் தயாராக இருந்தேன்.

"நின்னுச்சிங்க, ரெண்டு வாட்டி" என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நாங்க ரெண்டு ஆம்பளைங்களும் ஒண்ணும் புரியாம முழிச்சிக்கினு நின்னோம். எம் பொண்ணுதான் எறங்கி சரி பண்ணிக் கொணாந்தா."

என் கறுப்புக் கையை எடுத்துத் தன் வெள்ளைச் சட்டைக் கைக்குள் கோத்துக்கொண்டு படியேறினார். நான் விக்கி விக்கி அழுதேன். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரும் ஏன் என்று கேட்கவில்லை.