சித்தியின் பித்தம்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாரும் டாக்டராகிவிட்டார்கள். நோயாளி சித்தி ஒருத்திதான். சித்தப்பாவும் அவளும் எளாவூரில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். காலையில் தன்னை வேலைக்குக் கூட்டிப்போகும் கம்பெனி பஸ் வருவதற்குள் எனக்குத் தலை பின்னிவிடுவது சித்தியின் வேலை. ஒருநாள் பாதி ஜடையில் சீப்பை என் தலையிலேயே விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். மறுநாளும் ஓடினாள். அதற்குப் பிறகு அம்மா எனக்குப் பின்னிவிட ஆரம்பித்தாள். அம்மா பின்னினால் கண் இரண்டும் காதுப்பக்கம் இழுத்துக்கொள்ளும். சித்தி குணமாக வேண்டும் என்பதில் என்னைவிட அக்கறை உள்ளவர் அந்த வீட்டில் இல்லை.

காரணங்களுக்குக் குறைவே இல்லை. "வெறும் வயித்துல டீ குடிச்சிக்கினு இருந்தா கொமட்டாம இன்னா பண்ணும்?" என்றாள் அம்மா. "நைட்டு லேட்டா துன்னுட்டு ஒடனே படுத்தா அப்டித்தான் எதுக்களிக்கும்" என்றார் அப்பா. சித்தப்பா கம்பெனி பஸ்ஸின் டீசல் நாற்றத்தைக் குறை சொன்னார். சித்தி வாந்தி எடுத்ததெல்லாம் பஸ் ஏறுவதற்கு முன்னால்தான் என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பித்தம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி, இஞ்சி தட்டிக் கொடுத்தாள். சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

யாரும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும். இதற்கு முன் இரண்டு முறை தெருவுக்கே இனிப்பு கொடுத்துக் கொண்டாடிவிட்டு, சில வாரங்களில் வாந்தி திடீரென்று நின்றுபோய், சித்தியை ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு கூட்டி வந்திருந்தார்கள். வாயால் சொன்னால் இந்த முறையும் போய்விடுமோ என்ற பயத்தில்தான் டீ, டீசல், பித்தம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது.

அப்போது நான் அத்தனை காரணங்களையும் நம்பினேன். சித்தி டீயைத் தொடுவதற்கு முன்னால் அவள் வாயில் ஒரு பொறை பிஸ்கட்டைத் திணித்தேன். பஸ்ஸில் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினேன். இருட்டியதும் தட்டுகளைப் பரப்பி எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒன்றும் பலிக்காமல் போகவே, கடைசியில் ஆண்டவரிடமே போய்விட்டேன்.

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்ததும், "ஏசப்பா, எங்க சித்திக்கு வாந்தி சுத்தமா நின்னு போவணும்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன். நான் சைக்கிள் கேட்டு ஜெபித்தால்கூட ஆமென் சொல்லும் வீடு அது. அன்று ஒருவரும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தால், எல்லாரும் சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானே ஆமென் சொல்லி முடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சித்தி வாந்தி எடுக்கவில்லை. டீ குடித்தாள், இட்லி சாப்பிட்டாள், எனக்குத் தலைகூடப் பின்னிவிட்டாள். நடுநடுவே தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சித்திக்கு நின்னுடுச்சி!" என்று வீடு முழுக்க ஓடி அறிவித்தேன். சித்தப்பா ஒரு காலை ஷூவுக்குள் விட்டபடி அப்படியே நின்றுவிட்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயமா கீதுக்கா."

"சில நாளு அப்டித்தான் இருக்கும்டி. எனக்கும் இருந்துச்சி. ஒண்ணும் ஆவாது."

சித்தி அன்று வேலைக்குப் போகவில்லை. என்னைப் பாராட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாயங்கால ஜெபத்தில் என் முறையே வரவில்லை. பெரியவர்கள் வாய்க்குள்ளேயே வெகுநேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் விடியலில் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். கொல்லையில் சித்தி குடலே வெளியில் வந்துவிடும்போல ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவியபடி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றாள். சொம்பில் தண்ணீரோடு நின்ற சித்தப்பா, அழுதுகொண்டே சிரித்தார். சித்தி கண்ணையும் வாயையும் துடைத்துக்கொண்டு என்னை இழுத்து அணைத்தாள்.

"வந்துடுச்சிடி கண்ணு, வந்துடுச்சி!"

என் ஜெபம் ஒரே நாளில் தீர்ந்துபோனதே என்று எனக்குத் தாங்கவில்லை. "அழுவாத சித்தி, இன்னிக்கி இன்னும் சத்தமா ஜெபம் பண்றேன்" என்று தேம்பினேன்.

சித்தி பதறிப்போய் ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள். ஒரு சிறுமியின் ஜெபத்துக்கு இப்படி நடுங்கும் கிறிஸ்தவக் குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.