பரிசோதனைக்கு முன் தேய்த்த எண்ணெய்

மூளை அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனைக்குத் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலை என் மனைவியின் தலையில் வேண்டுமென்றே எண்ணெய் தேய்த்துவிட்டவன் நான்தான். மறதி நோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். பரிசோதனை நடக்காவிட்டால் நோயும் இல்லை என்று, இவ்வளவு படித்த நான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் தலையில் வயர் ஒட்ட வந்த பெண் திகைத்துப்போனாள். "என்னம்மா, இம்புட்டு எண்ணெய்? பணியாரமே சுடலாம் போல! வயர் எப்பிடி ஒட்டும்? நாளைக்குத் தலைக்குக் குளிச்சுட்டு வாங்க."

"மறந்துட்டேன் தாயி" என்று என் மனைவி தலைகுனிந்தாள். எண்ணெய் வேண்டாம் என்றதைத் தான்தான் மறந்துவிட்டதாக நினைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. நாகல் நகரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"டெஸ்ட்டு எனக்கு, பயம் உங்களுக்காக்கும்!" அவள் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் நானே ஷாம்பு போட்டு அவள் தலையை அலசினேன். நுரை இருவர் கண்ணிலும் போய், குளியலறையே கும்மாளமானது. அன்று பரிசோதனை நடந்தது; மூளை அலைகள் மெதுவாகத்தான் ஓடின. மற்ற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, மறதி நோயின் தொடக்கம் என்றார் டாக்டர். மருந்து ஆரம்பித்தாயிற்று.

மாத்திரை போட்டதை மறக்கிறாள். எண்ணெய்க் கதையை மட்டும் மறப்பதில்லை. பால்காரரிடமும் கீரைக்காரம்மாவிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். முதலில் ஒரு கை எண்ணெய் என்றாள், இப்போது ஒரு செம்பு ஆகிவிட்டது. நான் திருத்துவதில்லை, கூடவே சிரிக்கிறேன்.