மீன்காரிகளின் நடைமேடை

சென்னை நாவலூர் அலுவலகத்திலிருந்து என்னை ஜப்பானுக்கு அனுப்பியபோது ஏதோ பெரிய நகரத்துக்குப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். போய்ச் சேர்ந்தது கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். குளிர் குறைந்ததும் அம்மாவைக் கொஞ்ச நாள் வந்து இருக்கும்படி அழைத்தேன்.

அம்மா மீன் விற்றவள். காசிமேட்டில் மீன் எடுத்து, பீச் ஸ்டேஷனில் ரயிலேறி, தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி, சிட்லபாக்கம் தெருக்களில் கூவி விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தாள். அரசாங்கம் பெரும்பாக்கத்தில் எங்களுக்கு வீடு ஒதுக்கிய பிறகும் அந்த வேலையை விடவில்லை. முட்டி ஒத்துழைக்காமல் போன பிறகுதான் விட்டாள்.

ஜப்பானில் நான் வேலைக்குக் கிளம்பியதும் அவளுக்குப் பொழுது போகாது. பக்கத்திலிருந்த ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஸ்டேஷன் என்றதும் தாம்பரத்தை நினைத்துவிடக் கூடாது. ஒற்றைத் தண்டவாளம், அதையொட்டி ஒரு நடைமேடை, சாலையைப் பார்த்தபடி ஓடு வேய்ந்த மரக்கட்டடம். உள்ளே பெஞ்சு போட்ட ஒரு கூடம், பலகை அடித்து மூடிய டிக்கெட் ஜன்னல், அவ்வளவுதான். ஊழியர் யாரும் கிடையாது. எப்போதாவது ஒரு ரயில் வரும், அதற்கும் ஒரே பெட்டி.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு நடைமேடை இருந்தது. இதைவிடத் தாழ்வானது. அதன் ஓரத்தில் தண்டவாளம் இல்லை, புல்தான் முளைத்திருந்தது. ஒரு முனையிலிருந்து சிமெண்டுச் சரிவு ஒன்று துறைமுகம் வரைக்கும் இறங்கிப் போனது. ரயிலே வராத இடத்தில் எதற்கு நடைமேடை என்று அம்மா என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் நானும் கூடப் போனேன். ஒருவர் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் அதே ஜன்னலில் டிக்கெட் கொடுத்தவராம். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் அந்த நடைமேடையைப் பற்றி விசாரித்தேன். அவர் எங்களைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவின் முன்னால் கூட்டிப்போனார்.

தாழ்வான அந்த நடைமேடையில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். தலையில் துணி கட்டி, முதுகில் ஆளுயரத்துக்குச் சுமை கட்டியிருந்தார்கள். அம்மா போட்டோவுக்குக் கிட்டே போய், "மீனு" என்றாள்.

அந்த ரயில்பாதை போட்டதே மீனுக்காகத்தான் என்றார் அவர். மீனவர்களின் மனைவிமார் விடியற்காலையில் சரிவு வழியாக ஏறி வருவார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று மற்ற பயணிகள் புகார் சொன்னதால், அவர்களுக்கென்று கடைசியில் தனிப்பெட்டி கோத்து, தனி நடைமேடையும் கட்டினார்கள். பிறகு ரோடு வந்தது, லாரி வந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பக்கத்துத் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இங்கயும் நாறுதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

நம்மூர் ரயிலில் கூடைக்காரர்களுக்கென்று விட்டிருக்கும் வெண்டர் பெட்டியில் இடமில்லாத நாட்களில் வேறு பெட்டியில் ஏறிவிட்டு அவள் கேட்ட பேச்சுகளைப் பற்றி அதுவரை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள்.

போட்டோவின் ஓரத்தில் சிரித்தபடி நிற்கும் பெண் இன்னும் உயிரோடிருக்கிறார், மேட்டுத்தெருவில்தான் வீடு என்று ஸ்டேஷன்காரர் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டாள். "அவங்கள நான் பாக்கணும். கேட்டுச் சொல்லு."

அவரே போய்ப் பேசி, ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனிலேயே சந்திப்பது என்று ஏற்பாடு செய்தார். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த புளியில் மீன்குழம்பு வைத்து எடுத்துப்போவதாக இருந்தாள். எந்த மீன் வாங்குவது என்று கடைகடையாக ஏறி இறங்கினாள். அவ்வளவு உற்சாகமாக அவளை நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு வருவதற்குள் பெரும்பாக்கத்தில் அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். கிடைத்த விமானத்தில் அம்மாவை ஏற்றிவிட்டேன். உள்ளே போகுமுன், "அந்தம்மா வந்து காத்துகினு இருப்பாங்க. நீ போயி சொல்லிடு" என்றாள்.

நான் மட்டும் போனேன். கூன் விழுந்த சின்ன உருவமாக அந்த அம்மாள் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். போனிலாவது பேசவைக்கலாம் என்று பார்த்தேன். அன்றுதான் அப்பாவுக்கு ஆபரேஷன், அம்மா எடுக்கவில்லை. உன் அம்மா தலையில் சுமப்பாரா, முதுகிலா என்று அவர் கேட்டார். தலையில் என்று கைவைத்துக் காட்டினேன். அவர் தன் தோளைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார். கழுத்து வலிக்குமே, அதற்கு என்ன செய்வார் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டியது. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கிளம்பும்போது அம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தார்.

அடுத்த மாதமே வேலை முடிந்து நானும் திரும்பிவிட்டேன். அம்மா கருவாட்டை வறுத்துத் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்றாள். அடுத்த வருஷம் கட்டாயம் போகலாம் என்று பேசிக்கொண்டோம். அப்பா படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவரை விட்டுவிட்டு அம்மா தாம்பரத்துக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருந்தது. வருஷங்கள் அப்படியே போய்விட்டன.

அப்பா போன பிறகு அம்மாவை என்னோடு சிட்லபாக்கத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். துக்கம் கொஞ்சம் ஆறியதும் டிக்கெட் விலை பார்த்துவிட்டு, அந்த ஸ்டேஷன்காரருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. அந்த அம்மாள் போன குளிர்காலத்தில் தவறிவிட்டாராம். மரக்கட்டடத்தை இடித்து இரும்புக்கூரை போட்டிருக்கிறார்கள். தாழ்வான நடைமேடையை மூடி, கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள்.

அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னேன். கை நிற்கவில்லை.

"போயிருந்தா மட்டும் இன்னா பேசியிருப்போம், பாஷையா தெரியும்?" என்றாள். ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "சும்மா பக்கத்துல குந்திகினு இருந்திருப்போம்" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.