வைதேகி மாமியின் வீணையும் ஊரார் செய்த பேக்கேஜும்

"நன்னா இருந்த லேப்டாப்பை உன்னை நம்பிக் குடுத்தேன். இப்ப அதுல எல்லாம் வரது, என் வீணை மட்டும் வரலை" என்று கீழ் வீட்டு வைதேகி மாமி மாடிப்படியில் நின்று சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை. நன்றாக இருந்ததாம்! ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டு, ஆற்றிக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வரலாம், அப்படி ஒரு வேகம். போதாததற்கு, இனிமேல் உனக்கு அப்டேட் கிடையாது என்று பழைய சிஸ்டமே கைகழுவிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் நான். அக்கம்பக்கத்து லேப்டாப்புகளுக்குச் சம்பளமில்லாமல் வைத்தியம் பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? இந்தத் தொழிலில், நாம் தொட்ட நிமிஷத்திலிருந்து அது எப்போதுமே நன்றாக இருந்த லேப்டாப்தான்.

மாமி சிட்னியிலும் டல்லஸிலும் இருக்கும் பெண்களுக்கு மந்தைவெளியில் உட்கார்ந்துகொண்டு வீணை சொல்லிக் கொடுக்கிறார். வீணைச் சத்தம் ஒரு சின்ன சவுண்ட் பாக்ஸ் வழியாக லேப்டாப்புக்குப் போக வேண்டும். செல்போன் உதவாது. தந்தி நீளமாக அதிர்ந்தால் போன் அதை ஃபேன் சத்தம் என்று முடிவு கட்டி வெட்டிவிடும். கமகம் போய், கொசு மிஞ்சும். அந்த பாக்ஸை விற்ற கம்பெனி அதை மறந்து பல காலம் ஆகிவிட்டது, லினக்ஸோடு அதைப் பேச வைக்கும் மென்பொருளை அவர்கள் தரவே இல்லை. சனிக்கிழமை கிளாஸுக்குள் சத்தம் வராவிட்டால் சொல்லிக் கொடுப்பதையே நிறுத்திவிடுவதாக மாமி சொன்னார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. சபா கமிட்டியை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன அன்றே விட்டவர். "எனக்கும் வயசாச்சு ஸ்டெல்லா, விட்டாப் போச்சு" என்றார்.

வேலைக்கு ஆள் வைத்த கதை

லினக்ஸுக்கென்று சொந்தமாக ஒரு கடை உண்டு. சோதித்துப் பார்த்த பேக்கேஜ்கள், அதாவது தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள், அங்கே கிடைக்கும். அதில் இல்லாததை உலகத்தில் யார் யாரோ தாங்களே செய்து, செய்முறையை எழுதிப் பொது அலமாரி ஒன்றில் வைத்திருக்கிறார்கள். மாமியின் பாக்ஸுக்கான பேக்கேஜும் அங்கேதான் இருந்தது. ஒவ்வொன்றையும் நாமே இறக்கி, செய்முறைப்படி நாமே கட்டி, நாமே பொருத்த வேண்டும். இந்த அலைச்சலுக்காகவே ஒரு உதவி நிரல் இருக்கிறது. கறுப்புத் திரையில் பெயரை மட்டும் தட்டினால் போதும், மீதி அதன் பொறுப்பு. ஒரே சங்கடம், அந்த உதவி நிரலும் அதே பொது அலமாரியில்தான் இருக்கிறது! அதை மட்டும் கையால் இறக்கி, கையால் கட்டியாக வேண்டும்.

மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டினேன். வேலைக்காரி வருகிறாள் என்று முதல் நாளே வீட்டைப் பெருக்கித் துடைத்து வைக்கிற பெண்களை நான் கேலி செய்வதுண்டு. இப்போது நான் செய்ததும் அதேதான். பேப்பரை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்த ராகவன் மாமா, அதாவது மாமியின் வீட்டுக்காரர், என்னவென்று விசாரித்தார். சொன்னேன். "ஒத்தாசைக்கு ஆள் வைக்கறதுக்கே அத்தனையும் நீதான் பண்ணணும்னா, அந்த ஆள் எதுக்கும்மா?"

மேனேஜர் சொன்ன மந்திரம்

என் தம்பி ஜெரால்டு கிண்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் பெரிய ஆள். கேட்காமலே போனில் யோசனை சொன்னான். எல்லாக் கட்டளைக்கும் முன்னால் சூடோ போடு அக்கா, எதுவும் மறுபேச்சு பேசாது என்றான். சூடோ என்றால் வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் தூக்கிக் கொடுப்பது. போட்டேன். உதவி நிரல் ஒரே வரியில் மறுத்தது. என்னை முதலாளி அதிகாரத்தில் ஓட்டாதே என்றது.

எனக்கு அதை உடனே பிடித்துப்போயிற்று. முகம் தெரியாதவர் எழுதிய செய்முறையைச் சமைக்கும்போது பீரோ சாவி எதற்கு? கட்டி முடித்து, கடைசியில் பொருத்தும்போது மட்டும் பாஸ்வேர்டு கேட்கிறது. நல்ல வளர்ப்பு. எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்திருந்தால் முன் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். தம்பிக்கு அந்த வரியைப் படித்துக் காட்டி, இதுகூடவா தெரியாது என்று கேட்டேன். "அக்கா, நான் மேனேஜர். இதெல்லாம் கையால டைப் பண்ணி எத்தனையோ வருஷமாச்சு."

ஆள் இல்லாத அறை

வெள்ளிக்கிழமை காலை பேக்கேஜின் பெயரைத் தட்டினேன். அதற்கு முன்னால் வேறொரு பெரிய சமாசாரத்தைக் கட்ட வேண்டும் என்றது. சரி, கட்டு. வரிகள் மழை மாதிரி கொட்ட ஆரம்பித்தன. லேப்டாப் கத்தரி வெயிலில் நின்ற நாய் மாதிரி மூச்சிரைத்தது. மாமி காபி சாப்பிடக் கூப்பிட, சமையலறைக்குப் போனோம்.

திரும்பி வந்தால் திரை இருண்டு கிடக்கிறது. அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, பிளக்கில்தான் உயிர். ராகவன் மாமாவுக்கோ ஒரு அறையை விட்டு யார் எழுந்தாலும் பின்னாலேயே போய் அத்தனை சுவிட்சையும் அணைக்கிற வழக்கம். காலை முழுவதும் கட்டியது காற்றில் போயிற்று. மாமி வீணையின் மேல் உறையை இழுத்துப் போர்த்தினார், அதுதான் எனக்கு உறுத்தியது. சுவிட்ச் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாமாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "ஆள் இல்லாத ரூம்ல மெஷினுக்கு என்ன வேலை?"

ஆந்தைப் படக்காரர்

பெரியது கட்டி முடிந்தது. மாமியின் பாக்ஸுக்கான பேக்கேஜ் மட்டும் பாதியில் நின்றது. கோப்பு இல்லை என்றது. பொது அலமாரியில் அந்தப் பேக்கேஜின் பக்கத்தைத் திறந்தேன். கீழே ஒரே ஒப்பாரி. எனக்கு வேலை செய்யவில்லை என்று ஒருவர், எனக்கும் என்று இன்னொருவர். ஒருவராவது செய்முறையைத் திறந்து பார்த்த அடையாளம் இல்லை. கட்டுவதற்கு முன் உதவி நிரல் கேட்கத்தான் செய்கிறது, செய்முறையைப் பார்க்கிறாயா என்று. எல்லோரும் என்டரைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேள்வித்தாளை முழுக்கப் படிக்காமல் பேனாவைத் திறந்தால் எங்கள் பள்ளியில் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். நான் படித்தேன்.

ஒரு பக்கம்தான் இருந்தது. கோப்பை எடுக்கச் சொன்ன முகவரி காலி செய்த வீடு. நிரலை எழுதியவர் வேறு இடத்துக்குக் குடி போயிருந்தார். புது முகவரியைத் தேடிப் பிடித்து அந்த ஒரு வரியை மாற்றினேன். கோப்பு அசல்தானா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்ணும் ஒத்துப்போனது. கட்டியது, பொருத்தியது, பாக்ஸில் பச்சை விளக்கு எரிந்தது. இவ்வளவு சின்ன வேலையை, பேக்கேஜைப் பராமரிக்க வேண்டியவர் ஏன் செய்யவில்லை? பெயருக்குப் பக்கத்தில் ஆந்தைப் படம் வைத்திருந்த அவர், அந்த ஒப்பாரிக்கெல்லாம் அடியில் பதில் எழுதியிருந்தார்: "சவுண்ட் பெட்டியை விற்றுவிட்டேன். இனி என்னால் சோதிக்க முடியாது. வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம்."

சனிக்கிழமை

மாமி உறையை விலக்கி, சுருதி சேர்த்து, தோடியில் ஒரு இழுப்பு இழுத்தார். சிட்னிப் பெண் அந்தப் பக்கம் வாயைத் திறக்கவில்லை. போச்சு, சத்தம் போகவில்லை என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பிறகு அவள் மெதுவாக, "டீச்சர், உங்க விரல் தந்தியில நகர்றதுகூடக் கேக்குது" என்றாள். அடுத்த மாதத்திலிருந்து புது வர்ணம் என்று மாமி அங்கேயே அறிவித்தார். விடுவதாகச் சொன்ன பேச்சையே காணோம். கிளாஸ் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தது என் தப்பு. "இதை நேத்திக்குக் காத்தாலேயே பண்ணியிருக்கலாமே, ஸ்டெல்லா."

வர்ணம் ஆரம்பித்துவிட்டால் எளிதில் முடிகிற விஷயம் இல்லை. அதற்குள் அப்டேட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஏதோ ஒன்றில் அந்தச் செய்முறை மறுபடி இடறி விழும். அநாதையாகக் கிடந்த பேக்கேஜை நானே எடுத்துக்கொண்டேன். ஆந்தை இருந்த இடத்தில் இப்போது என் இட்லிக் கொப்பரைப் படம். மறுநாளே ஒருவர் அந்தப் பக்கத்தின் கீழே வந்து எழுதினார்: "எனக்கு வேலை செய்யவில்லை."

ஆகக்கூடி, ஒரு வீணையைப் பேச வைக்கப் போய், செய்முறையைத் திறந்துகூடப் பார்க்காத உலகத்துக்கெல்லாம் சமையல்காரி ஆனேன். அவருக்குப் பதில் எழுதிய கையோடு நானும் ஒன்று கேட்டு வைத்தேன், அது பதிலில்லாமல் அப்படியே கிடக்கிறது: "இதே பெட்டி வைத்திருக்கும் யாராவது, அடுத்த அப்டேட் வந்ததும் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை சோதித்துச் சொல்வீர்களா?"