பெண் பெயரில் ஒரு வருஷம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தால் போதும், கை மேஜை இழுப்பறைக்குப் போய்விடும். உள்ளே ஒரு நாவல் கிடக்கும்.

போன வருஷக் கடைசியில் மகள், வீட்டிலிருந்த புத்தக அலமாரியை ஒரு நோட்டம் விட்டாள். "ஏம்மா, இது அலமாரியா, ஆம்பளைங்க விடுதியா? பேருக்குக்கூட ஒரு பொம்பளை இல்லியே!"

அடுத்தவரைக் குத்தியே பழகியவளுக்குச் சுருக்கென்றது. இனி ஒரு வருஷம் பெண்கள் எழுதியது மட்டும்தான் என்று அன்றைக்கே வைராக்கியம் எடுத்தாள்.

நினைத்த மாதிரி லேசாக இல்லை. நூலகத்தில் கேட்டால் சமையல் குறிப்பு வரிசையைக் கைகாட்டினார்கள். தேடிப் பிடித்ததில் சில இழுத்தன, சில உலுக்கின. ஒன்று மட்டும் ஆளையே சாய்த்துவிட்டது. பிள்ளை பெற்று, பால் கட்டிய மார்போடு அலுவலகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் கதை. அதே வலியோடு இதே கூடத்தில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியவள்தான் ஊசியக்காவும். "அனுபவிச்சவளாலதான் இப்படி எழுத முடியும்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள்.

வருஷக் கடைசி ஞாயிறு, நூலகத்து வாசகர் கூட்டத்தில் அவள் பேச ஏற்பாடாகியிருந்தது. தலைப்பு, 'நான் படித்த பெண்கள்'. மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை. மகள் வேறு தோழிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

முந்தின நாள் நூலகர் கேட்டார். "யாரைப் பத்திப் பேசப்போறீங்க?"

சொன்னாள். பால் கட்டியவளின் கதையை எழுதியவர் பெயரைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "அது ஒரு ஆம்பளைங்க! பொண்டாட்டி பேரைப் புனைபெயரா வச்சுக்கிட்டாரு."

"ஏன், அவருக்கு வீட்டுல பேரு வைக்கலியாமா?"

ராத்திரிச் சாப்பாட்டில் கணவர் சமாதானம் சொன்னார். "எழுத்து நல்லா இருந்தாப் போதாதா? யாரு எழுதினா என்ன?"

"அந்தம்மா ஆக்கிப் போட்டாங்க, பெத்துக் குடுத்தாங்க, கடைசில பேரையும் குடுத்தாங்க. மிச்சம் என்ன இருக்கு அவங்ககிட்ட?"

"சரி, நீ என் பேர்ல எழுது. நேராயிரும்."

"உங்க பேரைப் பாத்தா மின்சாரக் கட்டண ரசீதுன்னு நினைப்பாங்க."

எங்காவது ஒரு வரியில் ஆண்புத்தி பல்லிளித்திருக்கும் என்று நாவலை மறுபடி புரட்டினாள். ஒரு பிசிறுகூட இல்லை. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. முன்னுரையில் நண்பர்களுக்கு நன்றி, அச்சகத்துக்கு நன்றி. மனைவிக்கு மட்டும் இல்லை. சொன்னால் குட்டு உடைந்துவிடுமே!

கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"இந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பெண் எழுத்தாளர் ஒரு ஆம்பளை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மகளும் சிரித்தாள். ஊசியக்கா சிரிக்கவில்லை.

"பால் கட்டினா எப்படி வலிக்கும்னு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தது? புனைபெயருக்குப் பேரையும் குடுத்த அவரு பொண்டாட்டிதானே? அந்தம்மா எழுதினதைப் படிக்கத்தான் நான் கிளம்பினேன். அது எங்க கிடைக்கும்?"

நூலகர் அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "பேரைச் சொல்லுங்க, தேடிப் பாத்துரலாம்."

"அந்தப் பேர்லதான் ஏற்கெனவே ஒருத்தர் எழுதிட்டாரே!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.