அப்பா ஆபீஸ் சட்டையில் போன நாள்

அப்பா சாதுவானவர் என்று எழுதினால், முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய நீங்களே சிரிப்பீர்கள். அதனால் அவர் மகளாகிய நான் உள்ளதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது பருத்திப்பட்டு ஏரிக்கரையில், கீரை பயிரிட்ட குடும்பத்தில். நிலம் மனைகளாகப் போனபின், பத்தொன்பது வயதில் அம்பத்தூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மிஷின் ஆபரேட்டராகச் சேர்ந்தார். வாய்க்கு முன்னால் கை பேசும் அவருக்கு. கூட வேலை செய்தவரின் விரல் மிஷினில் துண்டானபோது, "பாத்து செய்ய வேண்டியதுதானே" என்று சொன்ன சூப்பர்வைசரைக் காலரைப் பிடித்துச் சுவரில் மோதிப் பல்லை உடைத்தார். ஆறு மாதம் சஸ்பெண்ட். அம்மா மாவு அரைத்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

முப்பது வருடம் நீல யூனிபாரம் போட்டவரை, முழங்கால் தேய்ந்ததால் ஸ்டோர்ஸ் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே பிஸினஸ் கேஷுவல்தான் விதி. காலர் வைத்த சட்டை, ஃபார்மல் பேண்ட், ஷூ. முகப்பேரில் கடை கடையாக ஏறி வாங்கிக் கொடுத்தவள் நான். ஐ.டி. கம்பெனி வேலையில் இருக்கும் கர்வம் எனக்கு. டை வேண்டாம், இன் பண்ணினால் போதும் என்று பாடம் நடத்தினேன்.

ஆனால் அப்பா தினமும் பழைய நீலச் சட்டையிலேயே கேட்டைத் தாண்டுவார். உள்ளே போய்க் கழிவறையில் மாற்றிக்கொள்வார். இது தெரிந்ததும் எனக்கு மானம் போயிற்று.

"கேட்டாண்ட நிக்கிற பசங்கோ இன்னா நெனைப்பானுங்கோ? நேத்து வரிக்கும் அவனுங்களோட டீ குட்ச்சவன்மா நானு" என்றார்.

"நீ இப்ப ஸ்டாஃபுப்பா. இனிமே இத போடாத" என்று சொல்லி, இரண்டு நீலச் சட்டைகளையும் வாளித் தண்ணீரில் முக்கினேன்.

அதற்கு முந்தின நாள் நிர்வாகம் ஒப்பந்தத் தொழிலாளர்களை மொத்தமாக வேலையை விட்டு நிறுத்தியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் என் பிடிவாதத்துக்காக வெளிர் மஞ்சள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு கிளம்பினார். ஸ்டாஃப் ஒருவரையும் உள்ளே விடுவதில்லை என்று கேட்டில் நின்ற கூட்டம், ஹெல்மெட் போட்டு வந்தவரின் சட்டையைத்தான் பார்த்தது. வண்டியிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். ஹெல்மெட் கழன்று உருண்டது. பின்மண்டையில் இரும்புக் குழாய் இறங்கியது. விலாவில் ஏறி மிதித்தார்கள். "டேய், நம்ம அண்ணாத்தடா" என்று ஒருவர் கத்தியபிறகுதான் அடி நின்றது. மஞ்சள் சட்டையில் மஞ்சளே மிச்சமில்லை.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போலீசார் கேட்டபோது யாரையும் தெரியாது என்றார். என்னிடம் மட்டும், குழாய் பிடித்தவன் பெயரைச் சொன்னார். நம் உறவுக்காரப் பையன். அவனை வெட்டிப் போடுகிறேன் என்று நான் எழுந்தேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடும்மா. அவன் என்னியா அடிச்சான்? சட்டைய அடிச்சான். அந்த வயசுல நானும் அதான செஞ்சேன். பேர வெளிய சொல்லாத."

சத்தியம் வாங்கினார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அப்பாவின் சாவில் எனக்கும் பங்கு உண்டு. அம்மா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அப்பாவை ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஓடிய தொழிலாளர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஆவடி நண்பர்களுக்கும், ஐந்து வாரமும் சாப்பாடு சுமந்து வந்த திருவேற்காட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். தம்பி, பாடையைத் தூக்கியவர்களில் நீயும் ஒருவன். அப்பா உன்னை மன்னித்தார். நான் மன்னிக்கவில்லை. சத்தியம் செய்திருப்பதால் உன் பெயரை இங்கே எழுதவில்லை. உன் வீட்டுக்கு உரிய மலரை மட்டும் யாரிடமும் கொடுத்தனுப்பப் போவதில்லை. நானே கொண்டுவந்து, உன் அம்மா பார்க்க, உன் கையில் கொடுப்பேன்.